சிங்கப்பூரில் இறந்த அப்பாவின் பணம்: மூன்று வழிகளில் எது உங்களுக்கு?

அப்பா சிங்கப்பூரில் இறந்துவிட்டார். குடும்பம் அறந்தாங்கியிலோ பட்டுக்கோட்டையிலோ இருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் முதலில் போவது தாலுகா ஆபீஸுக்கு. வாரிசு சான்றிதழ் கைக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது என்று ஒரு நம்பிக்கை. பட்டா மாற்றவும், உள்ளூர் வங்கியில் சின்னத் தொகை எடுக்கவும் அது உதவும். சிங்கப்பூர் வங்கிக்கோ அது இன்னார் இன்னாருக்கு உறவு என்று சொல்லும் ஒரு தாள், அவ்வளவுதான். பணத்தை யாரிடம் கொடுப்பது என்பதற்கு அந்த ஊர்ச் சட்டம் ஏற்கும் அதிகாரம் வேண்டும்.

அந்த அதிகாரத்தைப் பெற மூன்று வழிகள். ஒன்று, சிங்கப்பூரின் பொது அறங்காவலர் அலுவலகமே கணக்கை முடித்துத் தருவது. இரண்டு, அங்குள்ள குடும்ப நீதிமன்றத்தில் எல்.ஏ. வாங்குவது. லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் என்பதைத்தான் வக்கீல்கள் எல்.ஏ. என்கிறார்கள்: உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் ஆணை. மூன்று, இந்திய நீதிமன்றத்தில் எல்.ஏ. வாங்கி, அதன்மேல் சிங்கப்பூர் நீதிமன்றத்தின் முத்திரையைப் பெறுவது. இதற்கு ரீசீலிங் என்று பெயர். நம்மூர் நீதிமன்றம், நம்மூர் வக்கீல், செலவும் குறையும் என்று பலரும் மூன்றாவதைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு மூன்றிலும் நீளமான வழி அதுதான். ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

முதலில் கணக்கிலிருந்து கழிக்க வேண்டியவை

எந்த வழி என்று யோசிக்கும் முன், எந்த வழியும் தேவைப்படாத பணத்தைப் பிரித்து வையுங்கள். இதைச் செய்யாததால்தான் பல குடும்பங்கள் வேண்டாத வழக்குக்குச் செலவு செய்கின்றன.

நம்மூர் பி.எஃப். போன்ற மத்திய சேமநிதி எனும் மசேநி, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக் கணக்கில் சேராது. உயிலில் எழுதியிருந்தாலும் உயில் அதைக் கட்டுப்படுத்தாது. பணம் யாருக்கு என்று அப்பா நியமனம் (நாமினேஷன்) செய்திருந்தால் நியமனதாரருக்கு நேராகப் போகும். செய்யாவிட்டால் தொகை பொது அறங்காவலரிடம் போய், சிங்கப்பூரின் வாரிசுரிமைச் சட்டப்படி பங்காகும். இங்கே ஒரு பொறி உண்டு. திருமணம் முந்தைய நியமனத்தை ரத்து செய்துவிடும். கல்யாணத்துக்கு முன் தன் அம்மா பெயரை எழுதிவிட்டு, பிறகு அதைத் தொடாமல் விட்டவர்கள் ஏராளம். அந்தத் தாள் வீட்டில் பத்திரமாக இருக்கும், பயன் இருக்காது. விவாகரத்துக்கு அந்த விளைவு கிடையாது. முன்னாள் மனைவி பெயர் நியமனத்தில் இருந்தால் அது செல்லும்.

மசேநிப் பணத்தில் வாங்கிய பங்குகளும் யூனிட் டிரஸ்டுகளும் வேறு கதை. நியமனம் அவற்றைத் தொடாது. அவை சொத்துக் கணக்கில் சேரும். கீழே வரும் உதாரணத்தில் இந்த ஒரு விவரமே ஒரு குடும்பத்தின் வழியை மாற்றிவிடுகிறது.

சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டம் என்று ஒரு காப்புறுதி உண்டு. மசேநி செலுத்தி வேலை பார்த்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பெரும்பாலும் தானாகவே கிடைத்திருக்கும். 60 வயது வரை 70,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதற்கு மேல் 65 வரை 55,000 வெள்ளி. இறந்தவர் விலகாமலும் சந்தா விடுபடாமலும் இருந்தால் இது உண்டு. மசேநி நியமனம் இதற்குப் பொருந்தாது, தனியாகக் கேட்க வேண்டும். இப்படி ஒன்று இருப்பதே ஊரில் இருக்கும் குடும்பத்துக்குத் தெரியாமல் போவது சகஜம். மற்ற ஆயுள் காப்புறுதிகளில் நியமனம் இருந்தால் அதன்படி போகும். இல்லாவிட்டாலும் 1,50,000 வெள்ளி வரை நெருங்கிய உறவினருக்கு நீதிமன்ற ஆணை கேட்காமலே கொடுக்கக் காப்புறுதி நிறுவனத்துக்குச் சட்டம் இடம் தருகிறது.

இருவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு பெரும்பாலும் உயிரோடு இருப்பவருக்குப் போகும். கணவனும் மனைவியும் கூட்டு உரிமையாக வைத்திருந்த வீவக வீடும், அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடும், அப்படியே.

வேலை அனுமதியில் போனவர்களுக்கு மசேநி கிடையாது. ஆனால் மரணம் வேலையிடத்து விபத்தால் என்றால் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் உண்டு. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு மரண இழப்பீடு குறைந்தது 91,000, அதிகபட்சம் 2,69,000 வெள்ளி. அதற்கு முந்தைய விபத்துக்கு 76,000 முதல் 2,25,000 வரை. கோரிக்கையை ஒரு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். முதலாளி "கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்று சொன்னதைக் கேட்டு ஒரு வருடத்தை விட்டுவிடாதீர்கள். மேலே சொன்ன மூன்று வழிகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இவற்றையெல்லாம் கழித்தபின் மிஞ்சுவது எது? அப்பா பெயரில் மட்டும் இருந்த வங்கிக் கணக்கு, பங்குகள், வாகனம், தனிப்பெயரில் இருந்த வீடு, நிலுவைச் சம்பளம். இதற்குத்தான் வழி தேட வேண்டும்.

ஒரு விஷயத்தைக் கூச்சமில்லாமல் சொல்லிவிடுவது நல்லது. அப்பாவின் ஏ.டி.எம். அட்டையும் ரகசிய எண்ணும் உங்களிடம் இருக்கலாம். இறந்த பிறகு அதைப் போட்டுப் பணம் எடுக்காதீர்கள். இறந்த தேதிக்கு இருந்த இருப்பைத்தான் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து காட்டப்போகிறீர்கள். அதற்குப் பிறகு குறைந்த ஒவ்வொரு வெள்ளிக்கும் மற்ற வாரிசுகளும் கடன்காரர்களும் கணக்குக் கேட்கலாம். ஈமச் செலவு பில்களை எடுத்து வையுங்கள். அது சொத்திலிருந்து முதலில் திரும்பக் கிடைக்க வேண்டிய செலவு.

மாமியாரும் மருமகளும்: நிரந்தர இருப்பிடம் எது?

வழியைத் தீர்மானிப்பது தொகை மட்டும் அல்ல. அப்பாவின் சட்டப்படியான நிரந்தர இருப்பிடம் எது என்பதும்தான். வக்கீல்கள் டொமிசைல் என்பார்கள். நிரந்தரவாசி அட்டை வைத்திருந்தார் என்பதால் மட்டும் டொமிசைல் சிங்கப்பூர் ஆகிவிடாது. கடைசிவரை அங்கேயே இருந்துவிடும் எண்ணம் இருந்ததா, ஓய்வுக்குப் பின் ஊர் திரும்பும் எண்ணமா என்று பார்ப்பார்கள். ஊரில் வீடு கட்டி, குடும்பத்தை அங்கேயே வைத்து, வருடா வருடம் பொங்கலுக்கு வந்துபோனவர் இந்திய டொமிசைலாகவே கருதப்பட வாய்ப்பு அதிகம்.

இதனால் என்ன வித்தியாசம்? சிங்கப்பூரில் உள்ள அசையாச் சொத்து எப்போதும் சிங்கப்பூர்ச் சட்டப்படி பங்காகும். வங்கிப் பணம், பங்கு போன்ற அசையும் சொத்து, இறந்தவரின் டொமிசைல் நாட்டுச் சட்டப்படி பங்காகும். சிங்கப்பூரின் 1967ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவிக்குப் பாதி, பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்துப் பாதி. மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் இறந்தவரின் தாய்க்கு ஒன்றும் இல்லை. இந்தியாவின் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்கு ஒரு சமப் பங்கு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 58 வயதில் இறந்த ஒரு நிரந்தரவாசி. மனைவி, 24 வயது மகன், 16 வயது மகள், 81 வயதுத் தாய் இருக்கிறார்கள். மசேநியில் 1,60,000 வெள்ளி, செல்லும் நியமனம் இல்லை. வங்கியில் 38,000. மசேநிப் பணத்தில் வாங்கிய யூனிட் டிரஸ்ட் 15,000. மசேநியின் 1,60,000 பொது அறங்காவலர் வழியாக மனைவிக்கு 80,000, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 40,000 என்று பிரியும். மிச்சச் சொத்து 53,000. டொமிசைல் சிங்கப்பூர் என்றால் மனைவிக்கு 26,500, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 13,250, தாய்க்குப் பூஜ்யம். இந்தியா என்றால் நால்வருக்கும் ஆளுக்கு 13,250. பிள்ளைகளின் பங்கு இரண்டு கணக்கிலும் ஒன்றேதான். மொத்த வித்தியாசமும் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நிற்கிறது.

"சிங்கப்பூர் டொமிசைல் என்றே எழுதிவிடலாமே" என்ற யோசனை இந்த இடத்தில்தான் வரும். சத்தியப் பத்திரத்தில் எழுதுவது அது. பாட்டியின் மற்ற பிள்ளைகள் பிறகு கேள்வி கேட்டால் நிர்வாகியாக இருந்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். பாட்டி தன் பங்கை மனமொப்பி விட்டுக்கொடுக்கிறார் என்றால் அதைத் தனி ஆவணமாக வெளிப்படையாக எழுதி வாங்குங்கள்.

இரண்டு குடும்பம் இருக்கும் இடங்களிலும் டொமிசைல் முக்கியம். சிங்கப்பூர்ச் சட்டத்தில் பிள்ளை என்றால் சட்டப்படியான மணத்தில் பிறந்த பிள்ளையும் தத்தெடுத்த பிள்ளையும். இந்து திருமணச் சட்டத்தின் 16ஆவது பிரிவோ, செல்லாத மணத்தில் பிறந்த பிள்ளைக்கும் பெற்றோர் சொத்தில் உரிமை தருகிறது. இப்படிப்பட்ட நிலை இருந்தால் எந்த வழி என்று யோசிக்கும் முன் இரண்டு நாட்டு வக்கீலையும் பாருங்கள்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு மேலே சொன்ன பங்குக் கணக்கு எதுவும் பொருந்தாது. சிங்கப்பூர் ஷரியா நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழ் வாங்கி, ஃபராயிள் எனும் இஸ்லாமிய வாரிசுப் பங்கு உறுதியான பிறகே அடுத்த படி. அந்தச் சான்றிதழ் யாருக்கு எவ்வளவு என்று மட்டும் சொல்லும். வங்கியிலிருந்து பணம் எடுக்க அதற்கு மேலும் எல்.ஏ. போன்ற அதிகாரம் வேண்டும்.

பொது அறங்காவலர்: சின்னக் கணக்குக்கு

சொத்தின் மொத்த மதிப்பு 50,000 வெள்ளியைத் தாண்டாமல், வாரிசுகளுக்குள் தகராறும் இல்லாமல் இருந்தால், பொது அறங்காவலர் அலுவலகமே பணத்தைச் சேகரித்து, கடன் அடைத்து, பங்கு பிரித்துக் கொடுக்கும். வக்கீல் வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம். கட்டணத்தைத் தொகையிலிருந்தே கழித்துக்கொள்வார்கள். கையிலிருந்து முன்பணம் போட முடியாத குடும்பத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

50,000 வரம்பில் மசேநி சேராது. அது பெரிய தொகையாக இருப்பதால் நாம் தகுதி பெறமாட்டோம் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு, தவறு. ஆனால் மேலே சொன்ன குடும்பத்தைப் பாருங்கள். வங்கியில் 38,000 மட்டும் இருந்திருந்தால் இந்த வழியிலேயே முடிந்திருக்கும். 15,000 வெள்ளி யூனிட் டிரஸ்ட் சேர்ந்ததால் 53,000. மூவாயிரத்தால் நீதிமன்றம் போக வேண்டியதாகிவிட்டது. அதனால்தான் விண்ணப்பிக்கும் முன் முழுப் பட்டியல் வேண்டும். பாதியில் இன்னொரு கணக்கு வெளிவந்து வரம்பைத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க நேரும்.

வீடு தனிப்பெயரில் இருந்தால் மதிப்பே வரம்பைத் தாண்டிவிடும். அங்கே இந்த வழியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

சிங்கப்பூர் எல்.ஏ.: பெரும்பாலானவர்களுக்கு இதுதான்

50,000 வெள்ளிக்கு மேல், 50 லட்சம் வெள்ளி வரை குடும்ப நீதிமன்றம் விசாரிக்கும். அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தின் குடும்பப் பிரிவு. உயில் எழுதி நிறைவேற்றுபவரை நியமித்திருந்தால் எல்.ஏ.க்குப் பதில் புரோபேட், அதாவது உயிலை உறுதிசெய்து நீதிமன்றம் தரும் ஆணை. நடைமுறை கிட்டத்தட்ட ஒன்றே. நிர்வாகி ஆகும் உரிமையில் மனைவிக்கு முதலிடம், பிறகு பிள்ளைகள், பிறகு பெற்றோர். முந்தைய உரிமை உள்ளவர் ஒதுங்கினால் விட்டுக்கொடுக்கும் பத்திரம் தர வேண்டும். 21 வயது நிரம்பாத வாரிசு இருந்தால் குறைந்தது இரண்டு நிர்வாகிகள் வேண்டும், நால்வருக்கு மேல் கூடாது. நம் உதாரணத்தில் மகளுக்கு 16 வயது என்பதால் மனைவியும் மகனும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். சிறார் இருக்கும் வழக்கில் உள்ளூர் ஜாமீன்தாரரைக் கேட்கவும் கூடும். ஆள் இல்லையென்றால் விலக்குக் கோரி மனு போட வேண்டும். இதை வக்கீலிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

வழக்கில் தகராறு இல்லாவிட்டால் யாரும் நீதிமன்றத்தில் போய் நிற்க வேண்டியதில்லை, எல்லாம் மின்வழித் தாக்கல். தாமதம் நீதிமன்றத்தில் அல்ல, ஆவணத்தில்தான். இறந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆனபின் விண்ணப்பித்தால் தாமதத்துக்குக் காரணம் எழுதித் தர வேண்டும். அதனால் உரிமை போய்விடாது. பத்து வருடம் கழித்தும் வாங்கலாம். மிகப் பழைய மரணமாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். சிங்கப்பூர் மரணச் சொத்து வரியை 2008 பிப்ரவரி 15 முதல்தான் நீக்கியது. அதற்கு முன் இறந்தவரின் சொத்துக்கு அந்த வரிக் கணக்கும் தீர்ந்திருக்க வேண்டும்.

டொமிசைல் இந்தியா என்று சொல்லும் விண்ணப்பத்தில், இந்தியச் சட்டப்படி யார் யார் வாரிசு என்று ஒரு இந்திய வக்கீலின் சத்தியப் பத்திரம் கூடுதலாக வேண்டும். செலவு கொஞ்சம் ஏறும். மாமியார் மருமகள் கணக்கை நேராக முடிக்க அது தேவையான செலவு.

வீடு இருந்தால் ஆசையைக் கொஞ்சம் கட்டுப்படுத்த வேண்டும். வீவக வீட்டை வெளிநாட்டவர் வாரிசாக வந்து வைத்துக்கொள்ள முடியாது, விற்றுப் பணமாகத்தான் வரும். நிலத்தோடு சேர்ந்த தனிவீடான தரைவீட்டையும் வெளிநாட்டு வாரிசு காலவரையின்றி வைத்திருக்க முடியாது. விற்கும் அதிகாரம் நிர்வாகிக்குத்தான், அதற்கும் எல்.ஏ. முதலில் வேண்டும்.

இந்திய ஆணைக்குச் சிங்கப்பூர் முத்திரை

காமன்வெல்த் நாட்டு நீதிமன்றம் தந்த புரோபேட்டையும் எல்.ஏ.யையும் சிங்கப்பூர் நீதிமன்றம் முத்திரையிட்டு ஏற்கும். இந்தியா காமன்வெல்த்தில் இருக்கிறது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

சிக்கல் எங்கே? உயிலில்லாமல் இறந்த இந்துவின் வாரிசுகளுக்கு, இந்தியச் சொத்தை அனுபவிக்க எல்.ஏ. கட்டாயமில்லை. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 212ஆவது பிரிவே அப்படி விலக்குத் தருகிறது. ஊர் நிலத்துக்கு வாரிசு சான்றிதழை வைத்துப் பட்டா மாற்றிக்கொள்கிறோம். அதாவது ரீசீலிங் வழியில் போனால், இந்தியாவில் உங்களுக்குத் தேவையே இல்லாத ஓர் ஆணைக்காக மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட்டு, பத்திரிகை விளம்பரம் கொடுத்து, ஆட்சேபணைக்குக் காத்திருந்து, பிறகு அதைச் சிங்கப்பூருக்கு எடுத்துப்போய் அங்கேயும் ஒரு வக்கீலை வைத்து விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு வக்கீல், இரண்டு நீதிமன்றம்.

வாரிசு சான்றிதழை முத்திரைக்குக் கொண்டுபோக முடியாது, அது நீதிமன்ற ஆணையே அல்ல. வக்கீல்கள் சக்சஷன் சர்டிபிகேட் என்று சொல்லும் வாரிசுரிமைச் சான்று நீதிமன்றம் தருவதுதான். ஆனால் அது கடன்களுக்கும் பங்குப் பத்திரங்களுக்கும் மட்டுமான குறுகிய அதிகாரம். முழு நிர்வாக ஆணைக்கு இணையாக அங்கே ஏற்பார்கள் என்று நம்பி இறங்குவது சூதாட்டம். இறந்தவரின் டொமிசைல் இந்தியாவாக இல்லாவிட்டால் இந்திய ஆணைக்கு முத்திரை கிடைப்பதிலும் தடை வரும்.

அப்படியானால் இது யாருக்கு? ஏற்கெனவே இந்தியாவில் உயில் புரோபேட் செய்தவருக்கு, அல்லது இங்கே தகராறு காரணமாக எப்படியும் எல்.ஏ. வாங்கியாக வேண்டியவருக்கு. ஆணை கையில் இருந்தால் ரீசீலிங் விரைவு. இல்லாதவர் அதற்காகவே போய் வாங்குவது சுற்றுவழி.

எதிர்த்திசையையும் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூர் எல்.ஏ.யைக் காட்டி அறந்தாங்கி நிலத்தை மாற்ற முடியாது. இந்திய நிலம் எப்போதும் இந்தியச் சட்டப்படிதான், அப்பாவின் டொமிசைல் எதுவானாலும். உயில் சிங்கப்பூரில் புரோபேட் ஆகியிருந்தால், அதன் சான்றிட்ட நகலை இணைத்து இந்தியாவில் எல்.ஏ. கேட்க அதே 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 228ஆவது பிரிவு வழி தருகிறது.

இனிஷியல்

எந்த வழியில் போனாலும் குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பெயர். சிங்கப்பூர் அடையாள அட்டையில் "இராமசாமி சன் ஆஃப் கருப்பையா". இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் கருப்பையா, பெயர்க் கட்டத்தில் இராமசாமி. மகனின் பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயர் "கே. ராமசாமி". ரேஷன் அட்டையில் "ராமசாமி". நமக்கு இது ஒரே ஆள். ஆங்கில எழுத்தில் வரிசை வைத்துப் பார்க்கும் வங்கி அதிகாரிக்கு நான்கு பேர்.

இதற்கு ஒவ்வொரு வடிவத்தையும், அது எந்த ஆவணத்தில் எந்த எண்ணோடு வருகிறது என்பதையும் எழுதி, எல்லாம் ஒருவரே என்று ஒரே சத்தியப் பத்திரம் தயாரிக்க வேண்டும். முதலில் எல்லா ஆவணத்தையும் மேசையில் பரப்பிவைத்துப் பட்டியல் போட்ட பிறகே எழுதுங்கள். பாதியில் ஐந்தாவது எழுத்துக்கூட்டல் வெளிவந்தால் மறுபடி நோட்டரி, மறுபடி அப்போஸ்டில் (ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்க அரசு தரும் சான்று), மறுபடி கூரியர். மனைவி பெயரையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் இனிஷியல், பின்பு கணவர் பெயரின் இனிஷியல்.

அடுத்தது திருமணச் சான்று. தமிழ்நாட்டில் திருமணப் பதிவு 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் எல்லோருக்கும் கட்டாயமானது. அதற்கு முன் கோயிலிலும் வீட்டு வாசல் பந்தலிலும் நடந்த கல்யாணங்களில் பெரும்பாலானவை பதிவாகவில்லை. கணவர் இறந்த பிறகு அவர் இல்லாமல் பதிவு செய்யப் போய் அலைவதைவிட, மனைவி பெயர் உள்ள கணவரின் பாஸ்போர்ட் பக்கம், கணவர் பெயர் உள்ள மனைவியின் பாஸ்போர்ட், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் சேர்த்து உறவை நிரூபிப்பது நடைமுறையானது. தாலுகா ஆபீஸ் வாரிசு சான்றிதழ் உண்மையில் பயன்படும் இடமும் இதுதான். தமிழ் ஆவணங்களுக்குச் சான்றிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். தமிழ் அங்கே ஆட்சிமொழிதான், நீதிமன்றம் நடப்பது ஆங்கிலத்தில்.

சிங்கப்பூர் இறப்புச் சான்றிதழ் 2022 மே 29 முதல் மின்வடிவில்தான். 30 நாளுக்குள் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். அங்கே இருக்கும் உறவினர் அதைச் செய்து உடனே உங்களுக்கு அனுப்பட்டும். தவறினால் பிறகு விண்ணப்பித்து வாங்க வேண்டிவரும். இந்தியாவில் பயன்படுத்த அதற்குச் சிங்கப்பூர் அப்போஸ்டில் தேவை.

நேரில் போவதா, அதிகாரப் பத்திரமா?

எல்.ஏ. வழியைத் தேர்ந்தால் இது அடுத்த முடிவு. ஊரில் இருந்துகொண்டே சிங்கப்பூரில் உள்ள நம்பிக்கையான உறவினருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்து, உங்கள் சார்பில் அவர் பெயரில் எல்.ஏ. வாங்கலாம். பத்திரத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டு, மாநில அரசின் சான்றும் பின்பு வெளியுறவு அமைச்சின் அப்போஸ்டிலும் பெற வேண்டும். சிங்கப்பூர் 2021 செப்டம்பர் 16 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால் முன்போலத் தூதரகச் சான்றுக்கு அலைய வேண்டாம். ஆனால் பணம் அந்த உறவினர் கைக்கு வரும். சித்தப்பா நல்லவர்தான், அவருக்கும் கடன் இருக்கலாம். வயதான விதவை, பயணம் முடியாதவர் என்றால் இது தவிர்க்க முடியாதது. அப்போதும் பணம் வக்கீலின் வாடிக்கையாளர் கணக்குக்கு வந்து அங்கிருந்து ஒவ்வொரு வாரிசுக்கும் நேராகப் போக வேண்டும் என்று எழுதி வையுங்கள்.

பயணம் முடியுமென்றால் நேரில் போவதே மேல். திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. விசா எடுத்து நிர்வாகிகள் இருவரும் போனால் சத்தியப் பத்திரங்களை அங்கேயே கையெழுத்திட்டு முடிக்கலாம். வக்கீல் வரைவை முன்கூட்டியே மின்னஞ்சலில் வாங்கிப் பெயர்களைச் சரிபார்த்துவிட்டுப் புறப்படுங்கள். அந்தப் பயணத்திலேயே வங்கிகளுக்கும் போய், எல்.ஏ. வந்தபின் பணத்தை எந்த வடிவில் தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாருங்கள். எஸ்டேட் பெயரில், அதாவது இறந்தவரின் சொத்துக் கணக்கின் பெயரில், காசோலை தருவோம் என்றால், சிங்கப்பூரில் எஸ்டேட் கணக்கு இல்லாமல் அதை மாற்ற முடியாது. அந்தக் கணக்கைத் திறக்க நிர்வாகிகள் நேரில் வர வேண்டும் என்பார்கள். எல்.ஏ. கையில் இருந்தும் பணம் மாதக்கணக்கில் நகராமல் நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பணம் ஊருக்கு வரும்போது

வாரிசாகக் கிடைத்த தொகைக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை, மரண வரியும் 1985லேயே போய்விட்டது. இங்குள்ள வங்கி, பணம் எதற்கு வந்தது என்று கேட்கும்போது காட்ட எல்.ஏ. நகல், இறப்புச் சான்று, பங்குக் கணக்கு மூன்றும் போதும். ஒவ்வொரு வாரிசின் பங்கும் அவரவர் கணக்குக்கே வரட்டும். எல்லாம் மூத்த மகன் கணக்கில் விழுந்து பிறகு பிரித்தால், பின்னாளில் அது பரிசா, கடனா, பங்கா என்று விளக்க வேண்டியிருக்கும்.

உடனே கொண்டுவராமல் சிங்கப்பூரிலேயே வைத்துக்கொள்ளவும் இடமுண்டு. வெளிநாட்டில் வசித்தவரிடமிருந்து வாரிசாகக் கிடைத்த வெளிநாட்டுச் சொத்தை இந்தியாவில் வசிப்பவர் வைத்துக்கொள்ள அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டத்தின் 6(4) பிரிவு அனுமதிக்கிறது. வட்டிக்கு இங்கே வரி உண்டு. அந்தக் கணக்கையும் பங்குகளையும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் ஒவ்வொரு வருடமும் காட்ட வேண்டும். மறைத்தால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து அல்லாதவை மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை, காட்ட வேண்டிய கடமை இருக்கிறது. நம் உதாரணத்தில் மனைவிக்கு மசேநியிலிருந்து மட்டும் 80,000 வெள்ளி. 20 லட்சம் ரூபாயை அது தாராளமாகத் தாண்டும். அதைச் சிங்கப்பூரில் விட்டுவைக்க நினைத்தால் அந்த வருடமே ஆடிட்டரைப் பார்த்துவிட வேண்டும்.